நாற்பத்தொன்றாம் பயனர்

ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் நூலகர். சில வருடங்களாக என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன். நூலக வாசலில் மாட்டியிருக்கும் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதை என் வீட்டில்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் கல்லூரி ஒரு வருடம் ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டியது. தேடும் பெட்டியில் சொல்லைப் போட்டால் கட்டுரைகளின் தலைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நாலைந்து வரியில் சுருக்கம் இருக்கும். தலைப்பைக் கிளிக் செய்தால் முழுக் கட்டுரையும் திறக்கும். நூலகத்தில் ஐந்து கணினிகள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டன. என் மேசைக்கு நேர் எதிரே, சுவரோரமாக.

நான் அப்போது நூலக அறிவியலில் பகுதிநேர ஆய்வு மாணவன். நாற்பது வயதைத் தாண்டியிருந்தேன். தலைப்பு கிடைக்காமல் இரண்டு வருடம் ஓடியிருந்தது. இந்தக் கணினிகள் வந்ததும் என் நெறியாளர் சென்னையிலிருந்து போனில் சொன்னார்: “தலைப்பைத் தேடி எங்கேயும் அலையாதீங்க. உங்க பசங்க அந்த ரிசல்ட் பக்கத்தை என்ன பண்றாங்கன்னு அளந்து பாருங்க. அது போதும்.”

அளந்தேன். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார்கள், எத்தனையாவது தலைப்பைக் கிளிக் செய்தார்கள், அதற்கு முன் எத்தனை விநாடி யோசித்தார்கள், இரண்டாம் பக்கத்துக்குப் போனார்களா, எதையும் திறக்காமல் எழுந்து போனார்களா என்று எல்லாவற்றையும் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை ஐந்து கணினிகளிலும் போட்டேன். மாணவர்கள் பதிவெண் கொடுத்து உள்ளே நுழைவார்கள், மென்பொருள் அதை வேறொரு எண்ணாக மாற்றிவிடும். ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. இப்படிப் பதிவாகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் அடித்து ஃபேன் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதை யாராவது படித்தார்களா என்று நான் பார்க்கவில்லை. ஒட்டியாகிவிட்டது, விதிமுறை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் கணக்கைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எண்களைப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருந்தது. நேரில் அந்தப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எண்களாக வந்தபோது அவர்களை நன்றாகத் தெரிந்துகொண்டதுபோல இருந்தது.

முதல் மாதம் கிளிக்குகள் ஏராளம். ஒரே தேடலில் பத்துத் தலைப்பைத் திறந்தவர்கள் உண்டு. இரண்டாம் மாதத்திலிருந்து வரைபடத்தில் கோடு மளமளவென்று இறங்கியது. இடையில் நான் இரண்டு பயிற்சி வகுப்புகள் நடத்தியிருந்தேன். ஆகவே எழுதினேன்: பயிற்சி பெற்ற பயனர்கள் கண்டதையெல்லாம் திறக்காமல், தேவையானதை மட்டும் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். நெறியாளர் அந்த வரைபடத்தைப் பார்த்து, “இதுதான் உங்க ஆய்வேட்டோட உயிர்” என்றார். வெள்ளிக்கிழமை மதியங்களில் மட்டும் கோடு கொஞ்சம் ஏறியது. வார இறுதிக்கு முன் வேலையை முடிக்கும் அவசரம் என்று அதற்கும் ஒரு வரி எழுதி வைத்தேன்.

ஒரே ஒரு எண் எதிலும் அடங்கவில்லை. நாற்பத்தொன்று. வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்து, ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆள். தேடும் சொற்களும் கிட்டத்தட்ட அதேதான், ஒரு செடியின் தாவரவியல் பெயரும், ஏரி என்பதற்கான ஆங்கிலச் சொல்லும். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம் வரைக்கும்கூடப் போவார். மாதக்கணக்கில் ஒரு கிளிக் கிடையாது. இப்படிப்பட்ட ஆளை என்னவென்று வகைப்படுத்துவது? ‘தேடல் திறனற்றவர்’ என்ற வகை ஒன்றை உண்டாக்கி அதில் போட்டேன்.

கல்லூரியில் அப்போது ஒரு கருத்தரங்கு நடந்தது. நானும் பேச வேண்டும் என்றார் முதல்வர். நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாதென்று முதுகலை வகுப்புகளையெல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். எப்படியாவது அவர்களை எழுப்பிவிட வேண்டும் என்று, திரையில் நாற்பத்தொன்றின் பக்கத்தைப் போட்டேன். தேடிய சொற்கள், உட்கார்ந்திருந்த நேரம், கிளிக் என்ற இடத்தில் வரிசையாகப் பூஜ்யம்.

“இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த மாதிரி ஆளுங்களை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும்” என்றேன். “பட்டுக் கடைக்கு வருவாங்க. ஜமக்காளத்துல உக்காந்துக்குவாங்க. கடைப் புடவை மொத்தத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லுவாங்க. சாயங்காலம் ஒரு கைக்குட்டைகூட எடுக்காம எழுந்து போவாங்க.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. காஞ்சிபுரத்தில் அந்த நகைச்சுவை தோற்கவே தோற்காது. சிரிப்பு அடங்குகிற நேரத்தில் மூன்றாவது வரிசையில் சில பெண்கள் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்ததை நானும் கவனித்தேன். ஏதோ அவர்களுக்குள் விளையாட்டு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் தாலிக்கயிறு, தோளில் துணிப்பை. முகத்தைப் பார்த்த ஞாபகம் இருந்தது. பேசிய ஞாபகம் இல்லை.

“சார், நேத்து நீங்க சொன்ன நாப்பத்தொண்ணு நான்தான் சார்” என்றார்.

“நான் பேர் எதுவும் சொல்லலையேம்மா” என்றேன்.

“பேர் சொல்லலை சார். அந்தச் செடி பேரைப் போட்டுட்டீங்க. காலேஜ்லயே அதைத் தேடறது நான் ஒருத்திதான். எம்.எஸ்.சி. பாட்டனி. கிளாஸ்ல இப்ப என்னை ‘கைக்குட்டை’ன்னு கூப்பிடறாங்க.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார்.

பென்சிலில், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், வருடம், கீழே அந்த நாலைந்து வரிச் சுருக்கம் ஒரு எழுத்து விடாமல். புரியாத ஆங்கிலச் சொற்களுக்கு மேலே தமிழில் சின்னதாக அர்த்தம். பக்கம் பக்கமாக அப்படியே. கடைசித் தாள் வரைக்கும் இடம் இல்லை.

“நான் தாமல் ஊரு சார். எங்க ஏரியில நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கெடக்குது. வெட்டி வெட்டிக் கரையில போடறாங்க, மறுபடியும் மொளைச்சுக்கினு வருது. அதைத்தான் ப்ராஜெக்டா எடுத்தேன். பொண்ணு ஸ்கூல் போக ஆரம்பிச்ச பிறகுதான் நானே மறுபடியும் படிக்க வந்தேன். சும்மா ஒண்ணும் உக்காந்துக்கினு இல்லை சார். இதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“எழுதினதெல்லாம் சரிம்மா. ஆனா ஒண்ணைக்கூடத் தொறக்கலையே. தலைப்பைக் கிளிக் பண்ணியிருந்தா முழுசும் வந்திருக்குமே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கிளிக் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“நானா?”

“மொத நாள் வந்தப்ப ஒண்ணொண்ணா தொறந்துக்கினு இருந்தேன். மெஷின் நின்னுடுச்சு. நீங்க இங்கேருந்து எழுந்து வந்தீங்க. ‘கண்ணுல படறதையெல்லாம் அமுக்கிக்கினே இருப்பீங்களா, இது உங்க வீட்டு டிவி ரிமோட்டா? தலைப்பைப் படிங்க, வேணும்னா எழுதிக்குங்க, எழுந்து போங்க’ன்னு சொன்னீங்க. எல்லாரும் இருந்தாங்க சார்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தைகள் மட்டும் என்னுடையவை என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. டிவி ரிமோட் என்பது நான் அடிக்கடி சொல்வது. இன்னும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோதே வாய் வேறு பக்கம் போனது.

“அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேனேம்மா. மெஷின் நின்னா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இருக்கும் சார். நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினு இருப்பேன்” என்றார்.

என் தப்பை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார், நானும் வைத்துக்கொள்ள விட்டேன். ‘இல்லைம்மா, நான் சொன்னதுதான்’ என்று சொல்ல அப்போது அரை விநாடி போதுமாக இருந்தது.

அதற்குப் பதிலாகப் பெருந்தன்மையாக எழுந்து, “வாங்க, இப்ப தொறந்து காட்டறேன்” என்றேன். மூன்றாம் கணினியில் உட்கார்ந்து, அவர் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்த தலைப்பைத் தேடிக் கிளிக் செய்தேன். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நிற்க நாலு விநாடி ஆனது. முழுக் கட்டுரை, படங்கள், அட்டவணைகள் எல்லாம் வந்தன. வெட்டிய தண்டுகளை என்ன செய்வது என்று ஒரு பகுதியே இருந்தது.

அவர் குனிந்து, திரையைத் தொடுவதுபோல விரலை நீட்டினார், தொடவில்லை. “இவ்ளோ நேரம்தானா சார்?” என்றார்.

“இனிமே ப்ராஜெக்டுக்கு எல்லாத்தையும் தாராளமா எடுத்துக்கோங்க.”

“அது போன மாசமே குடுத்தாச்சு சார். வெறும் சுருக்கத்தை வச்சே எழுதியிருக்கீங்கன்னு மேடம் மார்க் கொறைச்சிட்டாங்க.” சொல்லிவிட்டு, அந்த ஒரு கட்டுரையை மட்டும் பிரிண்ட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் முழுக்க நான் பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றின் முதல் நாள் இருந்தது. பதினோரு கிளிக்குகள், அடுத்தடுத்து. பிறகு கணினி அணைந்து மறுபடி இயங்கிய குறிப்பு. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அந்த முதல் நாளை ஏதோ பழுது என்று நானே கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன்.

மற்றவர்களையும் பார்த்தேன். பத்துக் கட்டுரை திறந்து, கணினி நின்று, மறுநாளிலிருந்து ஒன்றோ இரண்டோ மட்டும் திறந்தவர்கள் பலர். எத்தனை பேரிடம் எழுந்து போய்க் கத்தியிருக்கிறேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மென்பொருளுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமைதான் கடைசியாகப் புரிந்தது. பன்னிரண்டரைக்கு நான் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் கிளம்பிவிடுவேன், திரும்பி வர இரண்டு மணி ஆகும். அந்த நேரத்தில் உதவியாளர் அம்மா ஒருத்தர்தான் நூலகத்தைப் பார்த்துக்கொள்வார். அவர் யாரையும் அதட்டுகிறவர் இல்லை. கோடு ஏறியதெல்லாம் சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்தில். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஏறவே இல்லை. கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்திருந்ததால் நான் மேசையை விட்டு அகலாத வெள்ளிக்கிழமை அது. எனக்குக் காய்ச்சலாகி லீவு போட்ட ஒரு புதன்கிழமையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிளிக்குகள் கொட்டிக் கிடந்தன.

ஆக, நான் அளந்தது மாணவர்கள் தேடிய விதத்தை அல்ல. நான் அறையில் இருக்கிறேனா இல்லையா என்பதை. அதற்குப் பயிற்சியின் பலன் என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்று மாலையே நெறியாளருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னதாகத்தான் எண்ணிக்கொண்டேன். உண்மையில், ‘நூலகப் பணியாளரின் குறுக்கீடு கொஞ்சம் இருந்திருக்கலாம் சார்’ என்றுதான் சொன்னேன். அந்தப் பணியாளர் நான்தான் என்று சொல்லவில்லை.

“இப்ப போய் இதைக் கிளறுவீங்களா? ஆய்வேடு டைப் செட்டிங்குக்குப் போயாச்சு. வரம்புகள்னு ஒரு பகுதி இருக்குல்ல, அதுல ஒரு வரி போடுங்க” என்றார்.

போட்டேன். ‘பணியாளர்களின் இருப்பு பயனர் நடத்தையில் ஓரளவு தாக்கம் ஏற்படுத்தியிருக்கக்கூடும்.’ அந்த வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பொய்யும் இல்லாமல், யாருக்கும் புரியாமலும் இருக்க வேண்டுமே.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். பொறுமையானவர், ஆய்வேட்டை உண்மையாகவே படித்திருந்தார். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஏன் இப்படி ஏறுது? எனக்கு அது புரியலை.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் நெறியாளர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் என் மனைவியும் என் அண்ணனும். கதவு திறந்து வைத்ததுபோல இருந்தது அந்தக் கேள்வி. ‘மேடம், அந்த நேரம் நான் தொழுகைக்குப் போயிருப்பேன், பிள்ளைங்க பயமில்லாம தேடியிருக்காங்க’ என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லியிருப்பார். ஒரு வருடம் போயிருக்கும். அவ்வளவுதான்.

“வார இறுதிக்கு முன்னாடி வேலையை முடிக்கணும்கிற அவசரம் மேடம்” என்றேன்.

“ஓ, அப்படியா” என்று எழுதிக்கொண்டார். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். வீட்டில் பிரியாணி செய்து தெரு முழுக்கக் கொடுத்தார்கள். அண்ணன் கடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அன்றிலிருந்து என்னை டாக்டர் சாப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

நூலகத்தில் தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: எந்தக் கட்டுரையையும் தாராளமாகத் திறந்து படிக்கலாம். என் மேசையையும் கணினிகளுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அப்படியும் அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி என்னிடம் வந்து, “சார், இதைக் கிளிக் பண்ணலாமா?” என்று கேட்டாள். யார் அப்படிக் கேட்கச் சொன்னது என்றேன். “சீனியர்ஸ் சொன்னாங்க சார். கேக்காம பண்ணா திட்டுவீங்களாம்.” அவளை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை.

அந்தப் பெண்ணை மறுபடியும் பார்த்தது போன கோடையில், பேருந்து நிலையத்தில். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலூர் வண்டிக்காக நின்றிருந்தார். அவரே என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாராம். அந்தப் பிரிண்டை ஏரிச் சங்கத்து ஆட்களிடம் தமிழில் படித்துக் காட்டியதாகவும், கரையில் போடாமல் காயவைத்து எரித்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். “கொஞ்சம் பரவால்ல சார். முழுசாப் போகலை.”

வண்டி வர நேரம் இருந்தது. நான் சொல்லிவிட்டேன். டிவி ரிமோட் வார்த்தை என்னுடையதுதான், அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்று. பதிவுகளில் என்ன பார்த்தேன் என்று. வெள்ளிக்கிழமையைப் பற்றி என்னிடம் கேட்டபோது என்ன பதில் சொன்னேன் என்றும். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவரை அவமானப்படுத்தியபோது மைக் பிடித்திருந்தேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு, “நீங்க சொன்னதுதான்னு எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் நானே அப்படிச் சொன்னேன்” என்றார்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஒரு வண்டி ஹாரன் அடித்தபடி உள்ளே திரும்பியது.

“ஒண்ணு மட்டும் சார்” என்றார், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே. “அவ்ளோ மாசம் எனக்கு எதிர்லதானே உக்காந்துக்கினு இருந்தீங்க. ஏம்மா தொறக்க மாட்டேன்றன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, அப்பவே சொல்லியிருப்பேனே.”

மகளை முதலில் ஏற்றிவிட்டு அவர் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்போது அந்தச் சின்னப் பெண் எனக்கு டாட்டா காட்டினாள். அவள் அம்மா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்குவதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.